மறந்தவர் அவரல்லர்

அலுவலகக் கணினியில் கடவுச்சொல்லை மாற்றியபின் உள்ளே நுழைய இயலாமல், "நீர்தான் மறந்துவிட்டீர்" என்ற பழியைக் கேட்டவர்கள் உங்களில் உண்டு. குன்னூர்த் தேயிலைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராயிருக்கும் சகோதரி ஒருவரும் அப்படியே கேட்டார்.

சர்வரோடு இணைந்த விண்டோஸ் கணினிகளில், வேறுவிதமாய் அமைக்காவிடில், கடவுச்சொல்லின் ஆயுள் 42 நாள். மாற்றிய பின் 1 நாள் கழியுமுன் மீண்டும் மாற்ற முடியாது. திரையோ, புதிய சொல்லின் நீளமும் சிக்கலும் போதவில்லை என்பதுபோல் குறை கூறும். இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்த கணினி, மழைக்கால மின்தடையில் தேதியையே இழந்துவிடும். சர்வரின் நேரத்தோடு 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால், சரியான சொல்லும் தள்ளப்படலாம்.

அந்தச் சகோதரியின் காரியம் வேறு. அவர் புதிய சொல்லைப் பிழையின்றியே தட்டினார். அவருடைய கைப்பேசியின் அலுவலக மின்னஞ்சலில் தங்கியிருந்த பழைய சொல்லோ, திரும்பத் திரும்பச் சர்வரின் கதவைத் தட்டி, அவர் கணக்கைப் பூட்டிக்கொண்டேயிருந்தது. மூன்று நாள் ஒருவரும் அவரை நம்பவில்லை. அங்கும் சொல்லை மாற்றியபின் கணக்கு பூட்டப்படவில்லை.

மேலாளர் வருத்தம் தெரிவித்தாரா என்று கேட்டேன். "இன்னும் இல்லை, ஐயா" என்றார்.