வெடி வரிசை

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு கைக்கு வந்த பணத்தில் சிலர் ஆட்டோ வாங்கினார்கள், சிலர் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள், பலர் கடனை அடைத்தார்கள். என் அப்பா வாங்கியது பழைய அம்பாசடர் ஒன்று. மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் என்ஜின். 'இதுக்குத் தீனி போட யாரால முடியும்?' என்று அம்மா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சாம்பியன் ரீஃபில் வெடி வைப்பவர். தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கிய சுரங்கம் அது. பாறையில் துளைகள் போட்டு, மருந்து திணித்து, திரி வைப்பார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்கக் கூடாது. நடுத் துளைகள் முதலில் வெடித்து ஒரு குழியை உண்டாக்கினால்தான் சுற்றியுள்ளவை பாறையை அதற்குள் தள்ளும். வரிசை பிசகினால் பாறை சரியாக உடையாது. வெடிக்காத மருந்தும் உள்ளேயே தங்கிவிடலாம். அடுத்த ஷிப்டில் அங்கே டிரில் வைப்பவனின் கதியை யோசித்துப் பாருங்கள்.

அதனால்தானோ என்னவோ, என்ஜினுக்கும் ஒரு வெடி வரிசை உண்டு என்பது அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. அம்பாசடரில் அது 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை நான்கு ஒயர்கள் வழியாக நான்கு பிளக்குகளுக்கு முறை வைத்துப் பங்கிடுகிறது. இந்த நான்கு ஒயர்களையும் சேர்த்துக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீண்ட தூரம் ஒட்டி ஓடும் இரண்டு ஒயர்களில் ஒன்றில் பாயும் மின்சாரம் மற்றதிலும் கொஞ்சம் மின்சாரத்தைத் தூண்டும். உறை பழசாகி வெடித்திருந்தால் நேராகவே தாவும்.

3 வெடித்ததும் அடுத்த முறை 4-க்கு. அந்த நேரத்தில் 4-ல் பெட்ரோல் கலவை நிறைந்து, பிஸ்டன் அப்போதுதான் மேலே ஏறத் தொடங்குகிறது. 3-ன் பொறி அங்கே தாவினால் வெடிப்பு பிஸ்டனை எதிர்த்து அடிக்கும். 2-க்கும் 1-க்கும் இதே கதைதான். 2-ம் 3-ம் ஒட்டினால் மட்டும் பாதகமில்லை. ஒன்று வெடிக்கும்போது மற்றது புகையை வெளியே தள்ளி முடித்திருக்கும். அமெரிக்க செவர்லே வி-8 வண்டிகளில் ஒரே பக்கம் அடுத்தடுத்து இருக்கும் 5-ம் 7-ம் இப்படி வம்பு செய்யும் ஜோடி என்று பிறகு படித்தேன். அப்பா எதையும் படிக்கவில்லை. பழைய சுவிட்ச் போர்டின் பேக்கலைட் துண்டில் நான்கு துளை போட்டார். 1-க்கும் 2-க்கும் இடையே ஒன்றரை விரல், 3-க்கும் 4-க்கும் இடையே ஒன்றரை விரல். என்ஜின் ரப்பர் மேல் ஆடுவதால் ஒவ்வொரு ஒயருக்கும் கொஞ்சம் தொய்வு. குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகத் தாண்டும்.

சுரங்கத்தோடு அதன் ஆஸ்பத்திரியும் போய்விட்டதால் எங்கள் லைனில் அந்த வண்டிதான் ராத்திரி ஆம்புலன்ஸ். ஒருமுறை பெங்களூரில் ஒரு பணிமனையில் டியூனிங்குக்கு விட்டோம். பேக்கலைட் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, நான்கு ஒயர்களையும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டித் தந்தார்கள். பளிச்சென்று இருந்தது. அந்த வாரமே, சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிய அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரைக் கோலாருக்கு அழைத்துப் போனோம். பங்காரப்பேட்டை சாலையில் மேடு வந்ததும் வண்டி குலுங்கித் திணறியது. பின்சீட்டில் அவர் மூச்சுக்கு அதைவிடத் திணறிக்கொண்டிருந்தார்.

'அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்க' என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கினார். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை அணைத்து, பானெட்டைத் திறந்தார். இருட்டில் அந்தக் கட்டின்மேல் நீல மினுக்கம் ஓடியது. சயனைடு மேட்டிலிருந்து பறந்து வரும் சாம்பல் நிறத் தூசி எங்கள் ஊரில் எதன்மேலும் படியும். பனி இறங்கிவிட்டால் அதுவே மின்சாரத்துக்குப் பாதை. என்ஜினை நிறுத்தி, கத்தியால் பட்டையை அறுத்தார். ஒயர்களை உலர்ந்த துணியால் துடைத்து, 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி, 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி செருகி, நூலால் கட்டினார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வண்டி ஒரே சீராக மேடேறியது. அந்தப் பெரியவர் அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தார்.

அப்பா போன பிறகு வண்டி என்னிடம் இருக்கிறது. ஐம்பது வயது கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அப்படிப் பதிந்தால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. எனக்கு அது வேண்டாம். கடையில் அளவு வெட்டி விற்கும் சிலிகான் ஒயர் செட் இதற்குச் சற்று நீளம். மிச்சம் வளைந்து தொங்கி ஒன்றோடொன்று உரசுகிறது. அதனால் மீட்டர் கணக்கில் வாங்கி நானே வெட்டிக்கொள்கிறேன். பேக்கலைட் மட்டும் கிடைக்கவில்லை. தேக்குத் துண்டில் துளை போட்டு மெழுகில் ஊறவைத்திருக்கிறேன். ஒன்றரை விரல், அப்பாவின் விரல் அளவுக்கு. என் விரல் மெலிசு.