காலிங்வுட் வேலியோரம்

மெல்பர்னில் எழுபதாம் எண் டிராமில் அன்று காலை ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் டென்னிஸ் பார்க்கப் போகிறவர்கள். 2025 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓபன் நடந்துகொண்டிருந்த நேரம். ராட் லேவர் அரங்கு நிறுத்தத்தில் வண்டி பொலபொலவென்று காலியானது. மிச்சமிருந்தவர்களில் கருப்பு வெள்ளைத் தொப்பி போட்ட சிலர் அதற்கடுத்து இறங்கினார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே போனேன். பயிற்சி பார்க்க டிக்கெட் கிடையாது, தடுப்பாரும் இல்லை. ஒலிம்பிக் பார்க் மைதானத்தைச் சுற்றி ஒரு வேலி, அவ்வளவுதான். அந்த வேலியில் ஏற்கெனவே ஐம்பது அறுபது பேர் சாய்ந்து நின்றார்கள். உள்ளே காலிங்வுட் ஃபுட்பால் அணி ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலிய ஃபுட்பால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தை உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, அவற்றுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒன்று. மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் முடியும். மற்ற மாதங்களில் ஆட்டம் இல்லை. ஆனால் நவம்பரிலிருந்தே பயிற்சி உண்டு. முதலில் இளையவர்கள் வருவார்கள், பிறகு மூத்தவர்கள். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரியில் மறுபடி கடும் ஓட்டம். இந்த நாலு மாதமும் புள்ளிப் பட்டியலில் யாருக்கும் தோல்வி இல்லை என்பதால் மெல்பர்னில் எல்லா அணி ரசிகரும் ஒரே அளவு தெம்பாக இருக்கும் காலம் இதுதான்.

மைதானத்துக்கு அருகே கண்ணாடிச் சுவர் கொண்ட கட்டடம் ஒன்று நிற்கிறது. 1956 ஒலிம்பிக்கின் நீச்சல் அரங்கு அது. சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்த சில வாரங்களில், ஹங்கேரியும் சோவியத்தும் வாட்டர் போலோ ஆடி, முகத்தில் ரத்தம் வழிய ஒரு ஹங்கேரி வீரர் கரையேறியது இங்கேதான். இன்று அதற்குள் காலிங்வுட் கிளப்பின் அலுவலகமும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. 2004இல், நூறாண்டுக்கு மேல் இருந்த விக்டோரியா பார்க்கை விட்டு இங்கே குடிவந்தார்கள். அந்தப் பழைய மைதானத்தைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலியோரத்துக்காரர்கள் முதலில் பார்ப்பது பந்தை அல்ல. யார் கூட்டத்தோடு ஓடவில்லை என்பதைத்தான். தூரத்து ஓரத்தில் நாலு பேர், உடற்பயிற்சி ஆள் ஒருவரோடு, நேர்கோட்டில் மெதுவாக ஓடித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதுதான் ரிஹாப் குழு, காயத்திலிருந்து தேறுகிறவர்கள். எனக்குப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் சின்ன நோட்டுப் புத்தகத்தில் அந்த நாலு பேரின் ஜெர்சி எண்களை எழுதி, எதிரே “நேர் ஓட்டம் மட்டும், திருப்பம் இல்லை” என்று குறித்தார். பக்கவாட்டில் வெட்டித் திரும்பி ஓடத் தொடங்கினால் அடுத்த கட்டம். அதைப் பார்க்கத்தான் மறுபடி வருவாராம். அவரோடு வந்திருந்த மகளுக்கு நாற்பது வயது இருக்கும். வார இறுதிகளில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஃபுட்டி சொல்லிக்கொடுப்பவர். அப்பாவின் நோட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சேப்பாக்கத்தில் வலைப் பயிற்சி பார்க்க ஆயிரக்கணக்கில் கூடுவது தோனியின் ஒரு சிக்ஸருக்காக. இங்கே பேச்சில் பாதி கோச்சைப் பற்றி. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த லீகில் பணத்தைக் கொட்டி அணி கட்ட முடியாது. வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு. டிராஃப்ட்டில் புது இளைஞர்களை எடுக்கும்போது கடைசி இடத்தில் முடித்த அணிக்கே முதல் வாய்ப்பு. பயிற்சியாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் செலவழிப்பதற்கும் 2015இலிருந்து ஒரு வரம்பு உண்டு. கோவிட் வந்ததும் அதை 97 லட்சம் டாலரிலிருந்து 62 லட்சத்துக்கு வெட்டினார்கள். எல்லாக் கிளப்பும் கிட்டத்தட்ட ஒரே பணத்தில் நடப்பதால், இருப்பதை வைத்து யார் நன்றாகக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் நிற்கிறது. ரசிகருக்கு அது தெரியும்.

காலிங்வுட் ரசிகருக்குக் கண்ணால் பார்த்தே தெரியும். 2021இல் பதினெட்டு அணிகளில் பதினேழாவது இடம். அடுத்த ஆண்டு கிரெய்க் மெக்ரே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். பிரிஸ்பேனுக்காக 2001, 2002, 2003 மூன்று கோப்பைகளிலும் ஆடியவர். பிறகு பல ஆண்டுகள் வெவ்வேறு கிளப்களில் இளையவர்களை வளர்க்கும் வேலை பார்த்தவர். வந்த முதல் ஆண்டே இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் சிட்னியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். 2023இல் இறுதி ஆட்டத்தில் பிரிஸ்பேனை நாலு புள்ளியில் வென்று பதினாறாவது கோப்பை. 2024இல் இறுதிச் சுற்றுக்குப் போகும் எட்டு அணிக்குள் வர முடியாமல் ஒன்பதாவது. அதனால் வேலியோரத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கோப்பை வாங்கித் தந்த முறை மற்ற அணிகளுக்குப் புரிந்துவிட்டதா, இல்லை, நம் ஆட்களுக்கு வயதாகிவிட்டதா?

“வயசுதான்” என்றார் பெரியவர். ஸ்காட் பெண்டில்பரிக்கு ஜனவரி 7ஆம் தேதி 37 ஆகியிருந்தது. கூடைப்பந்திலிருந்து வந்த பையன், 2005 டிராஃப்ட்டில் ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர், நானூறு ஆட்டங்களைத் தாண்டிவிட்டார். ஸ்டீல் சைட்பாட்டமுக்கு 34. இதற்கு மேல் போர்ட் அடிலெய்டிலிருந்து டான் ஹூஸ்டன், மேற்கு சிட்னி அணியிலிருந்து ஹாரி பெர்ரிமேன், செயின்ட் கில்டாவிலிருந்து டிம் மெம்பிரி என்று ஆடிப் பழகியவர்களையே சேர்த்திருந்தார்கள். டிராஃப்ட் வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து இப்போதே ஜெயிக்கப் பார்க்கிறார்கள் என்பது பெரியவரின் குறை. “ஃப்ளைக்கு இது தெரியாமலா செய்வார் அப்பா?” என்றார் மகள். மெக்ரேயை இங்கே எல்லாரும் ஃப்ளை என்றுதான் சொல்கிறார்கள்.

வேலிக்குப் பத்தடி தூரத்தில் ஒரு வாளி. அதில் சிவப்பு ஷெரின் பந்துகள் மூழ்கிக் கிடந்தன. முப்பது டிகிரி வெயிலில் ஊழியர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சொட்டச் சொட்ட எடுத்து உருட்டிவிட்டார். ஜூலை மழையில் தோல் பந்து எப்படி வழுக்குமோ அதை ஜனவரியிலேயே பழக்குவது. சேணம் தைத்துக்கொண்டிருந்த ஷெரின் என்பவர் 1880 வாக்கில் காலிங்வுட்டில்தான் இந்தப் பந்தைச் செய்யத் தொடங்கினார். இப்போதும் லீக் ஆட்டங்கள் அந்தப் பெயர் போட்ட பந்தில்தான். ஒரு புதுப் பையன், பதினெட்டு பத்தொன்பது இருக்கும், ஓடிவந்து குனிந்து எடுக்கப் போனான். பந்து கைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. துணைப் பயிற்சியாளர் விசில் ஊதவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் போய், பையனின் இடது காலைத் தன் காலால் லேசாகத் தட்டி அரையடி முன்னே தள்ளி வைத்தார். இரண்டு கைகளின் சுண்டுவிரல்களையும் சேர்த்துப் புல்லைத் தொடும்படி காட்டினார். மறுபடி பந்து உருண்டது. இந்த முறை பாதி பிடித்தான். மூன்றாவது முறை எடுத்த கையோடு முஷ்டியால் குத்தி அனுப்பிவிட்டான். பயிற்சியாளர் தலையைக்கூட ஆட்டாமல் அடுத்த பந்தை உருட்டினார்.

மகள் வேலியை விட்டு விலகி, அந்தக் கால் வைப்பை நின்ற இடத்திலேயே செய்து பார்த்தார். “இதுக்குத்தான் வரேன். சனிக்கிழமை என் பசங்களுக்கு இதைத்தான் சொல்லப்போறேன்.”

என் கட்சி மகள் கட்சி. வேலியோரத்தில் அன்று கேட்ட வியூகக் கணிப்புகளில் பெரும்பாலானவை காற்றில் எழுதியவை. மைதானத்தின் ஒரு மூலையில் ஆறு பேர் வரிசையாக நின்றால் போதும், “இந்த வருஷம் பின்வரிசையை மேலே தள்ளப் போறாங்க” என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவர்கள் தண்ணீர் குடிக்க வரிசையில் நிற்கிறார்கள் என்பது பிறகு தெரியவரும். ஒவ்வொரு வீரனின் முதுகிலும், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, தீப்பெட்டியளவு ஜிபிஎஸ் கருவி சட்டைக்குள் செருகியிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எந்த வேகம், எத்தனை முறை முடுக்கம் என்ற கணக்கு எல்லாம் உள்ளேயிருக்கும் கணினிக்குப் போகிறது. யாரை இன்று சீக்கிரம் நிறுத்த வேண்டும் என்று முடிவாவது அங்கே. அதனால் நல்ல ஓட்டத்தில் இருக்கும் ஒருவர் பாதியில் வெளியேறினால், அது காயமாகவும் இருக்கலாம், அன்றைய அளவு முடிந்ததாகவும் இருக்கலாம். வெளியே நிற்பவர்கள் முதலாவதைத்தான் நம்புகிறார்கள்.

தெரியாமல் போவது இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எசண்டன் கிளப்பில் 2012இல் நடந்த ஊக்கமருந்து ஊசி விவகாரத்தில் 34 வீரர்கள் 2016 பருவம் முழுவதும் ஆட முடியாமல் தடை வாங்கினார்கள். ஊசி போட்ட அந்த மாதங்களில், அவர்கள் பயிற்சி எடுத்த விண்டி ஹில் மைதானத்தின் வேலியோரம் நின்ற ரசிகர்கள் எதைப் பார்த்திருப்பார்கள்? ஆட்கள் உடம்பேறி வந்திருக்கிறார்கள் என்றுதான் மகிழ்ந்திருப்பார்கள். 2017 இறுதி ஆட்டத்தில் தோற்ற அடிலெய்டு அணி, அடுத்த ஜனவரியில் கோல்டு கோஸ்ட்டுக்கு மனவலிமை முகாம் என்று வீரர்களைக் கூட்டிப்போனது. அந்தரங்கமாகச் சொன்னதையே எடுத்து அங்கே தன் மேல் வீசினார்கள் என்று அந்த அணியில் ஆடிய எடி பெட்ஸ் 2022இல் தன் சுயசரிதையில் எழுதிய பிறகுதான் கிளப் மன்னிப்புக் கேட்டது. காலிங்வுட்டும் 2005இலிருந்து அமெரிக்காவின் அரிசோனா மலைக்குப் போய்க் காற்று மெலிந்த உயரத்தில் பயிற்சி எடுத்தது. 2010இல் கோப்பை வந்ததும் மற்ற கிளப்புகளும் மலை ஏறத் தொடங்கின. கோப்பைக்கு மலைதான் காரணமா என்று யாரால் சொல்ல முடியும்? ஜெயித்தவன் செய்ததெல்லாம் மற்றவர்களுக்குப் பாடமாகிவிடுகிறது.

விக்டோரியா பார்க்கைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1993 ஏப்ரலில், காலிங்வுட் ரசிகர்களின் நிறவெறி வசவைக் கேட்டுக்கொண்டே ஆடி வென்ற எதிரணியின் பழங்குடி வீரர் நிக்கி வின்மார், ஜெர்சியைத் தூக்கித் தன் கருந்தோலைச் சுட்டிக்காட்டியது அந்த மைதானத்தில். இந்தக் கிளப்பில் இனவெறி அமைப்பாகவே ஊறியிருக்கிறது என்று 2021இல் கிளப் தானே நியமித்த ஆய்வு சொன்னது. அதையொட்டித் தலைவர் பதவி விலகினார். கருப்பாக இருக்கும் நான் அன்று வேலியில் சாய்ந்து நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. பெரியவர் தன் பைனாகுலரைக்கூடக் கொடுத்தார். ஒரு காலை நேரத்தை வைத்து எதையும் தீர்மானிக்க மாட்டேன். ஆனால் நல்ல பயிற்சி, நல்ல கிளப் என்று பேச வருகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பத்தரை மணிக்கு மேல் பாதிப் பேர் மேலங்கி மாற்றிக்கொண்டு தங்களுக்குள் ஆட்டம் ஆடினார்கள். ஒரு கட்டத்தில் எல்லாரையும் நிறுத்தி, நடுவில் நின்ற பயிற்சியாளர் ஒருவர் உரக்கச் சொன்னார்: “நாலு புள்ளி முன்னிலை. தொண்ணூறு விநாடி பாக்கி.” வேலி முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. 2023 இறுதி ஆட்டத்தின் அதே நாலு புள்ளி. அந்த ஆண்டுகளில் மயிரிழையில் ஜெயித்த ஆட்டங்களுக்காகவே பேர் வாங்கிய அணி இது. அதிர்ஷ்டம் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதற்கு இவர்கள் வைத்திருக்கும் பதில் இந்தப் பயிற்சிதான். முன்னிலையில் இருந்த பக்கம் பந்தை எல்லைக்கோட்டை ஒட்டியே கொண்டுபோனது. நெருக்கடி வந்தபோதெல்லாம் கீழே அமுக்கி, நடுவர் மறுபடி பந்தெறியும்படி செய்து நேரத்தைத் தின்றது. எழுபதாவது விநாடியில் ஒரு இளைஞன் நடுப்பக்கம் உதைத்துவிட்டான். எதிர்ப்பக்கம் பறித்து, மூன்று உதையில் கோல். பெண்டில்பரி அந்தப் பையனிடம் நடந்துபோய்த் தோளில் கை வைத்து, எல்லைக்கோட்டின் பக்கம் காட்டி என்னவோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. “பாத்தீங்களா, இவர் இருக்கிற வரைக்கும் நமக்கு ஒரு கோச் அதிகம்” என்றார் மகள். “கோச்சா இருக்கட்டும், மிட்ஃபீல்டில் ஓட வேற ஆளைப் பாரு” என்றார் அப்பா.

பயிற்சி முடிந்து சிலர் வேலியோரம் கையெழுத்துப் போட வந்தார்கள். ரிஹாப் குழுவில் ஓடிய ஒருவரும் வந்தார். பெரியவர் தொப்பியை நீட்டிக்கொண்டே, “மார்ச் 9 சிட்னி ஆட்டத்துக்கு வந்துடுவியாப்பா?” என்று கேட்டார். “பார்க்கலாம்” என்று சிரித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார் அந்த வீரர். பெரியவர் நோட்டைத் திறந்து, அந்த எண்ணுக்கு நேரே “ஏப்ரல்” என்று எழுதினார்.

“அவர் ஒண்ணுமே சொல்லலையே?” என்றேன்.

“நிக்கும்போது எந்தக் காலில் பாரம் போட்டான்னு பாக்கலையா நீங்க?”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டார். “போன வருஷம் இதே மாதிரி ஒருத்தருக்கு ஜூன்னு எழுதினார். அந்த ஆள் முதல் ஆட்டத்திலேயே இறங்கிட்டார்.”

“அவசரப்பட்டு இறக்கிட்டாங்க” என்றார் பெரியவர், நோட்டை மூடாமலே. “அது கோச்சிங் தப்பு.”