‘நிரந்தரம்’ என்று தண்ணீரில் எழுதும் ஊர்

பெய்ஜிங்கில் குடியேறும் வெளிநாட்டவருக்கு நகரத்தைத் திறந்துவிடுபவை சைக்கிளும் பூங்காவும். இரண்டுமே அடிக்கடி கைநழுவிப் போகக்கூடியவை.

அமெரிக்காவுக்கு பெய்ஜிங்கில் முறையான தூதரகம் இல்லாதிருந்த காலம். 1974 அக்டோபரில் அங்கே தொடர்பு அலுவலகத்தின் தலைவராகப் போய்ச் சேர்ந்தார் ஜார்ஜ் புஷ். அடுத்த ஆண்டு முழுவதும் அவரும் மனைவி பார்பராவும் ஊர் சுற்றியது பெரும்பாலும் சைக்கிளில்தான். 1989 பிப்ரவரியில் ஜனாதிபதியாகத் திரும்பி வந்த புஷ்ஷுக்கு சீனப் பிரதமர் லீ பெங் கொடுத்த பரிசு இரண்டு சைக்கிள்கள். தியான்ஜின் நகரில் 1950-ல் தயாரிப்பு தொடங்கிய ‘பறக்கும் புறா’ ரகம். ஒன்று ஆணுக்கு, ஒன்று பெண்ணுக்கு.

இன்று பெய்ஜிங்குக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேருகிறவர்கள் செய்வதும் அதையேதான். தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கடுத்த வேலை சைக்கிள் ஏற்பாடு. ஊர் மேடு பள்ளம் இல்லாத சமதரை. பெரிய சாலைகளில் சைக்கிளுக்கென ஒரு கார் போகும் அகலத்தில் தனிப் பாதை உண்டு. பழைய நகரின் ‘ஹுதோங்’ சந்துகளில் கார் திணறும், சைக்கிள் நழுவிப் போய்விடும். சாம்பல் நிறச் செங்கல் சுவர், வாசலில் காயும் முட்டைக்கோஸ், முக்காலியில் சதுரங்கம், கூண்டுப் பறவையோடு வாக்கிங் போகும் தாத்தா எல்லாம் கண்ணில் படுவது அந்த வேகத்தில்தான்.

மாவோ காலத்தில் கல்யாணத்துக்கு முன் ஒரு குடும்பம் சேர்க்க விரும்பிய பொருள்கள் நான்கு: கைக்கடிகாரம், சைக்கிள், தையல் மெஷின், ரேடியோ. சைக்கிள் வாங்கப் பணம் மட்டும் போதாது, கூப்பனும் வேண்டும். 1986-ல் பெய்ஜிங்வாசிகளின் பயணங்களில் 60 சதவீதத்துக்கு மேல் சைக்கிளில் நடந்தன. பிறகு கார் வந்தது. ஏற்கெனவே 1950-களில் இடிக்கத் தொடங்கிய பழைய நகர மதிலின் தடத்தில் வட்டச் சாலை ஓடியது. அதைச் சுற்றி இன்னும் பல வட்டங்கள் விரிந்தன. சைக்கிள் ஏழையின் அடையாளமாகிப்போனது. 2011-ல் புதிய கார்களுக்கு நம்பர் பிளேட்டைக் குலுக்கல் முறையில் கொடுக்க வேண்டிய அளவுக்கு நெரிசல் முற்றியது.

சைக்கிளின் மறுபிறவியும் குழப்பமாகவே தொடங்கியது. பீக்கிங் பல்கலைக்கழக வளாகத்தில் 2014-ல் பிறந்த ‘ஓஃபோ’வும் 2016-ல் ஷாங்காயில் தொடங்கிய ‘மோபைக்’கும், செல்போனால் பூட்டைத் திறந்து எங்கே வேண்டுமானாலும் விட்டுப் போகும் வாடகை சைக்கிள்களைத் தெருவில் கொட்டின. நடைபாதைகள் அடைபட்டன. ஊருக்கு வெளியே உடைந்த சைக்கிள்கள் மலையாகக் குவிந்தன. 2018 இறுதியில் ஓஃபோ நொடித்தபோது, கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் ஒரு கோடிக்கும் மேல். ஆனால் சைக்கிள் பழக்கம் மட்டும் திரும்பிவிட்டது. 2019 மே மாதம் ஹுயிலோங்குவான் குடியிருப்புகளையும் ஷாங்தி தொழில்நுட்ப வட்டாரத்தையும் இணைத்து, சைக்கிளுக்கு மட்டுமான 6.5 கி.மீ. சாலை திறக்கப்பட்டது.

புதியவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. சைக்கிள் பாதையில் சத்தமே இல்லாமல் பின்னால் வரும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். வலதுபுறம் திரும்பும் கார். ஏப்ரலில் பனிபோல் பறந்து மூக்கில் ஏறும் பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சு. ஜனவரியில் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும் உறைகுளிர். 2013 குளிர்காலத்தில் உலகச் செய்தியான புகைமூட்டம் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. தெருமுனையில் பஞ்சர் ஒட்டுபவரை ‘ஷிஃபு’ என்றழைக்க வேண்டும். கைத்தொழில் தெரிந்தவருக்கான மரியாதைச் சொல் அது. நடுத்தர வயதுப் பெண்கள் எல்லோரும் ‘ஆயி’. அங்கே அதற்கு அத்தை, சித்தி என்று பொருள். தமிழ்க் காதுக்கு முதல் நாளே பழகிவிடும்.

சைக்கிள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் பூங்கா. 1420-ல் கட்டி முடிக்கப்பட்ட சொர்க்கக் கோயிலில் நல்ல விளைச்சல் வேண்டிச் சக்கரவர்த்தி வழிபடுவார். சாமானியருக்கு உள்ளே இடமில்லை. 1918-ல் அது பொதுப் பூங்காவானது. இன்று விடிந்ததும் அங்கே வருவது ஓய்வு பெற்றவர்களின் கூட்டம். சீனாவில் பல காலம் பெண்கள் 50 அல்லது 55 வயதிலும் ஆண்கள் 60-லும் ஓய்வு பெற்றார்கள் (2025 முதல் இந்த வயது படிப்படியாக உயர்த்தப்படுகிறது). உடம்பில் தெம்பு இருக்கிறது, வீடோ சிறியது. பூங்காவே கூடமாகிவிட்டது. நீண்ட நடைமண்டபத்தில் பின்னல் வேலை, சீட்டாட்டம், இரட்டைத் தந்தி ‘அர்ஹு’, பீக்கிங் ஆபரா. வெளியே இறகுப் பந்தைக் காலால் தட்டும் ‘ஜியான்ஸி’.

இவற்றில் வெளிநாட்டவரைக் கட்டிப்போடுவது தரையில் தண்ணீரால் எழுதும் ‘தீஷூ’. 1990-களில் பெய்ஜிங் பூங்காக்களில் பரவிய பொழுதுபோக்கு இது. கூம்பாகச் செதுக்கிய ஸ்பாஞ்சை இடுப்புயரக் கம்பின் நுனியில் பொருத்தினால் தூரிகை தயார். சதுரக் கல் ஒவ்வொன்றும் ஓர் எழுத்துக்கான கட்டம். காகிதச் செலவு இல்லை, மைச் செலவு இல்லை. தாங் காலக் கவிதைகளை வரிவரியாக எழுதிப் பின்னோக்கி நடப்பார்கள். கோடையில் கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி காய்ந்துவிடும். வேடிக்கை பார்க்கும் அந்நியரிடம் தூரிகையை நீட்டுவது சகஜம். தப்பாக இழுத்தாலும் பாதகமில்லை, வெயில் திருத்திவிடும்.

எழுதக் கற்பவருக்கு முதல் பாடம் பெரும்பாலும் ‘யோங்’ என்ற எழுத்து. அடிப்படையான எட்டு வகைக் கோடுகளும் அந்த ஒன்றிலேயே அடங்கியிருப்பதுதான் காரணம். அதன் பொருள் ‘நிரந்தரம்’. ஷாங்காயின் புகழ்பெற்ற ‘யோங்ஜியு’ சைக்கிளின் பெயரிலும் இருப்பது அதே எழுத்து.

மொழி தெரியாதவருக்கு இந்தப் பழக்கங்கள் வெறும் பொழுதுபோக்கல்ல. அலுவலகத்தில் அவர் ‘வெளிநாட்டு நிபுணர்’. பூங்காவில் கை நடுங்கும் ஒரு மாணவர். பெய்ஜிங் வானொலி 1963-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியபின் தமிழர்கள் சிலரும் அங்கே பணியாற்றக் குடியேறியிருக்கிறார்கள். உடன் வேலை செய்த சீனர்கள் தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டார்கள். கொடுக்கல் வாங்கல் இப்படித்தான் தொடங்குகிறது.

நகரின் வடகிழக்கில் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு வட்டாரத்தையே காப்பாற்றியது. கிழக்கு ஜெர்மனியின் உதவியுடன் கட்டப்பட்டு 1957-ல் உற்பத்தி தொடங்கிய மின்னணுத் தொழிற்சாலைகளில் ஒன்று 798. ஆலை நலிந்ததும், வடக்கு வெளிச்சம் விழும் உயரமான கூடங்களை ஓவியர்களும் சிற்பிகளும் வாடகைக்குப் பிடித்தார்கள். ராபர்ட் பெர்னல் என்ற அமெரிக்கர் ஆலையின் உணவுக்கூடத்தில் கலைப் புத்தகக் கடை வைத்தார். ஜப்பானியரின் கேலரி ஒன்றும் 2002-ல் வந்தது. ஆனால் இடித்துவிட்டு மின்னணு வளாகம் கட்டுவதே அப்போதைய திட்டம். ஓவியர் ஹுவாங் ருயி, புகைப்படக்காரர் ஷு யோங் போன்றோர் பொதுமக்களை அழைத்துக் கண்காட்சிகள் நடத்தினார்கள். நகர மக்கள் பேரவை உறுப்பினரான சிற்பி லீ ஷியாங்சுன் 2004-ல் பாதுகாப்புக் கோரிக்கை வைத்தார். 2006-ல் அரசு அதைக் கலை வட்டாரமாக அங்கீகரித்தது. கூரையில் மாவோ காலச் சுலோகங்கள், கீழே காபிக் கடை.

பிழைத்ததற்கு விலையும் உண்டு. வாடகை ஏற, ஓவியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த ஹெய்சியாவ் கிராமத்தின் பட்டறைகள் 2017-ல் காலி செய்யப்பட்டன. மறு ஆண்டு அய் வெய்வெய்யின் ‘ஸூவோயோ’ கலைக்கூடம் இடிக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்பே, 1995-ல், யுவான்மிங்யுவான் இடிபாடுகளுக்கு அருகே இருந்த ஓவியர் குடியிருப்பு கலைக்கப்பட்டிருந்தது. கூட்டம் சேரும்வரை அனுமதி, சேர்ந்தபின் அச்சம்.

சைக்கிளுக்கும் இதே கதைதான். 2024 ஜூனில் ஜெங்ஜோ நகரிலிருந்து நான்கு மாணவிகள், சூப் நிரப்பிய ஆவிக் கொழுக்கட்டை சாப்பிட வாடகை சைக்கிளில் சுமார் 50 கி.மீ. தள்ளியுள்ள கைஃபெங்குக்கு இரவில் போனார்கள். அது தொற்றிக்கொண்டது. ஆரம்பத்தில் அரசுத் தரப்பு ஊடகங்கள் ‘இளமையின் துடிப்பு’ என்று பாராட்டின. நவம்பர் 8 இரவு லட்சம் பேருக்கு மேல் சாலையில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. மறுநாளே பாதைகள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்கள் மாணவர்களைக் கட்டுப்படுத்தின. நகர எல்லையைத் தாண்டினால் பூட்டிக்கொள்ளும்படி வாடகை சைக்கிள்களே மாற்றப்பட்டன.

குடியிருப்பு அனுமதிக் காகிதத்தில் தேதி போட்டு வாழும் வெளிநாட்டவருக்கு இது எளிதில் புரியும். அவர் கிளம்பும்போது சைக்கிளைப் புதிதாக வருகிறவரிடம் தள்ளிவிட்டுப் போகிறார். ஸ்பாஞ்சுத் தூரிகை பெட்டிக்குள் போகிறது. சொந்த ஊர் மொட்டை மாடியிலும் ஒரு வாளித் தண்ணீர் கிடைக்கும், ‘யோங்’ எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.