ஒரே பிளேட்டில் பன்னிரண்டு

"ஒரே பிளேட்ல பன்னெண்டு பீஸ் போட்டுடலாம்ண்ணா, ரெண்டே செட்டிங்ல சோலி முடிஞ்சிரும்." யாரும் கேட்காமல் நானேதான் வாயை விட்டேன்.

கோவை கணபதியில் தெரிந்த அண்ணன் ஒருவர் ஒரே ஒரு வி.எம்.சி. வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். சனி, ஞாயிறு நான் அங்கேதான். கேம் புரோகிராம் நான் போடுவேன், மெஷின் அவர் ஓட்டுவார், டீ பொதுக் கணக்கு. அந்த வாரம் வந்தது அலுமினிய பிராக்கெட், 24 பீஸ். 60க்கு 40, கனம் 10 மி.மீ. நடுவில் ஒரு பாக்கெட், இரண்டு ஓரத்திலும் எம்5 ஆலன் போல்ட்டின் தலை உள்ளே அமுங்கி உட்காரும்படி ஒவ்வொரு ஓட்டை. சப்பை வேலை.

இப்படி ஒரே பிளேட்டில் போடுவது மெட்டீரியலை மிச்சம் பிடிக்க என்றுதான் பலரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. 300க்கு 170 பிளேட், எடை கிட்டத்தட்ட 1.38 கிலோ. அதில் வரும் 12 பீஸும் பாக்கெட், ஓட்டை எதுவும் போடுவதற்கு முன்னால் சுமார் 780 கிராம்தான். மிச்சமெல்லாம் சுருள், அப்புறம் ஜன்னல் ஜன்னலாக ஒரு எலும்புக்கூடு. பட்டையை அறுத்துத் தனித்தனியாக ஓட்டினால் வீணாவது இதைவிடக் குறைவு. மிச்சமாவது நேரம்தான். வைஸைத் திற, பிசிறு துடை, பீஸை வை, தட்டு, இறுக்கு, இதையே பன்னிரண்டு தடவை செய்ய வேண்டியதில்லை.

லேஅவுட் சுலபம். நீளவாக்கில் நாலு, அகலத்தில் மூணு, நடுவே 8 மி.மீ. சந்து. வெட்டுவது 6 மி.மீ. எண்ட் மில்தானே, சந்து எதுக்கு 8 என்று கேட்கலாம். 6 விட்டால் கட்டர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துப் பீஸையும் கடிக்கும், ஃபினிஷிங்குக்கு ஓரத்தில் ஒன்றும் மிஞ்சாது. பீஸ்கள் தனித்தனி வைஸில் இருந்தால் ஜி54, ஜி55 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜீரோ எடுக்கணும். ஒரே பிளேட் என்றால் ஜி54 மட்டும் போதும். (அந்த ஒன்று தப்பானால் பன்னிரண்டும் தப்பு. அது வேறு விஷயம்.)

ஃபியூஷனில் ஒரு பீஸுக்கு மட்டும் டூல்பாத் போட்டு, அதையே பேட்டர்ன் செய்துவிடலாம். அங்கே ஒரு சின்னக் கேள்வி வரும், எந்த வரிசையில் ஓட்டட்டும் என்று. ஒரு பீஸை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததா, இல்லை ஒரு டூலை எடுத்தால் அதன் வேலையைப் பன்னிரண்டிலும் முடித்துவிட்டு அடுத்த டூலா? எனக்கு நாலு டூல். பீஸ் வாரியாகப் போனால் 48 டூல் மாற்றம். டூல் வாரியாகப் போனால் நாலே நாலு. யோசிக்கவே இல்லை. டூல் வாரி என்று தட்டிவிட்டு டீக்குப் போய்விட்டேன்.

பிளேட்டின் நாலு மூலையில் கிளாம்ப். வெட்டுப்பட்ட பீஸ் பறந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு சின்னப் பாலம். டேப் என்பார்கள். அப்புறம் அரம் போட்டுத் தேய்ப்பது நான்தானே, அதனால் பாலத்தின் உயரத்தை அரை மி.மீ. மட்டும் வைத்தேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

ஓட்டை முடிந்தது, பாக்கெட் முடிந்தது. வெளிச்சுற்று எட்டு பீஸ் வரைக்கும் அழகாகப் போனது. ஒன்பதாவதில் "டக்" என்று ஒரு சத்தம். அண்ணன் எமர்ஜென்சியை அமுக்குவதற்குள் கட்டர் ஒடிந்து, பீஸ் சாய்ந்து, பிளேட்டே கிளாம்பில் நழுவியிருந்தது.

அண்ணன் திட்டவில்லை. பேசாமல் டயலை எடுத்து பிளேட்டின் மேல் ஓட்டிக் காட்டினார். மூலையை விட நடுவில் 0.4 மி.மீ. தூக்கியிருந்தது.

"இது எங்க வாங்குனது தம்பி?"

"ஸ்கிராப் கடைலங்ண்ணா. எச்.ஈ. 30ன்னு சொன்னாருங்க."

எச்.ஈ. 30 என்று நம்ம ஊர்க் கடைகளில் சொல்வது 6082 அலுமினியம். அதில் தப்பில்லை. ஆனால் பிளேட்டுக்குள் உருட்டும்போதும் சூட்டிலிருந்து குளிரவைக்கும்போதும் ஏறிய இறுக்கம் இருக்கும். அதை இழுத்து நீட்டி ஆற்றிய பிளேட்டுக்கு டி651 என்று பெயர். வெறும் டி6 பிளேட் என்றால் அந்த இறுக்கம் உள்ளேயே கிடக்கும், சந்து சந்தாக வெட்ட வெட்ட வெளியே வந்து பிளேட்டை வளைக்கும். நாலு மூலையை மட்டும் பிடித்தால் நடு எழும்பாமல் என்ன செய்யும்? மேலே தூக்கிய பிளேட்டை அரை மி.மீ. பாலம் எத்தனை நேரம் தாங்கும்?

டூல் வாரியாகப் போட்ட புத்திசாலித்தனத்தின் பலன் அப்புறம்தான் உறைத்தது. முனை மழுக்குகிற சேம்ஃபர் டூல் கடைசி டூல். அதாவது வெட்டி முடித்த எட்டு பீஸில் ஒன்றுகூட முழுசாக முடியவில்லை. பீஸ் வாரியாகப் போயிருந்தால் எட்டு பீஸ் பெட்டிக்குள் இருந்திருக்கும்.

"ஏந்தம்பி, ஒவ்வொரு பீஸ்லயும் ரெண்டு ஓட்டை இருக்குதுல்ல? அதை வெச்சே புடிக்கலாமுல்ல?" என்றார் அண்ணன். இரண்டு நாள் ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

இரண்டாவது பிளேட்டுக்கு அடியில் 15 மி.மீ. அலுமினிய பேஸ் ஒன்று போட்டோம். அதே ஜி54, அதே பேட்டர்ன். முதலில் பேஸில் 24 இடத்தில் 4.2 டிரில் போட்டு எம்5 மரை. அப்புறம் மேலே பிளேட்டைக் கிளாம்ப் செய்து ஓட்டை, கவுண்டர்போர், பாக்கெட் மூன்றும் டூல் வாரியாக. பிறகு ஒரு எம்00. மெஷின் நின்றதும் கிளாம்பைத் தொடாமல் 24 போல்ட்டையும் இறக்கி இறுக்கினோம். தலையெல்லாம் உள்ளே அமுங்கிவிட்டதால் கட்டர் மேலே போனாலும் இடிக்காது. பாலமே வேண்டாம். வெளிச்சுற்றையும் சேம்ஃபரையும் மட்டும் பீஸ் வாரியாக மாற்றினேன். இதனால் டூல் மாற்றம் இருபதுக்கு மேல் கூடியது, நாலைந்து நிமிஷம் அதிகம். போகட்டும். பிளேட் இந்தத் தடவையும் முறுக்கப் பார்த்திருக்கும், ஆனால் ஒவ்வொரு பீஸும் தன் இரண்டு போல்ட்டில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டும் சுத்தம்.

முதல் பிளேட்டில் தப்பித்த எட்டுக்கு நான் கையால் முனை மழுக்கினேன். வெட்டாமல் நின்ற மூன்றை அவற்றின் ஓட்டையில் டயல் விட்டு ஜீரோ எடுத்து, அதே பேஸில் போல்ட் போட்டு முடித்தோம். ஆக 11. இரண்டாவது பிளேட் 12. மொத்தம் 23.

ஒண்ணு குறைகிறது! எலும்புக்கூட்டில் எந்த ஓரமும் 18 மி.மீ.க்கு மேல் இல்லை. ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பட்டைத் துண்டைத் தேடிப் பிடித்து, வைஸ் வைத்து, ஜீரோ எடுத்து, அந்த ஒற்றைப் பீஸை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணன் அதைத் துணியில் துடைத்து மற்ற 23க்கு மேலே வைத்தார்.

"இதுக்கு மட்டும் தனி பில்லுங் தம்பி" என்றார் சிரிக்காமல்.