சாலைத் தெருவிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய டி.டி. ராமகிருஷ்ணன் சாருக்கு,

உங்கள் 'சுகந்தி என்ற ஆண்டாள் தேவநாயகி' நாவலுக்கு 2017-இல் வயலார் விருது கிடைத்தபோது உங்களை வாழ்த்தியவர்கள் நிறையப் பேர். நான் நன்றி சொல்வது வேறொரு காரணத்துக்காக. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில், அதாவது சந்தையில், பிழைக்கும் தமிழன் நான்.

திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய கம்போளம் இது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை தமிழும் மலையாளமும் கலந்துதான் விலை பேசுவோம். 'கிருஷ்ணப் பருந்து' எழுதிய ஆ. மாதவன் கடை வைத்திருந்ததும் இங்கேதான். கம்போளத்தை ஒட்டியே வலியசாலை. அங்கிருக்கும் சிவன் கோவிலுக்குக் காந்தளூர் என்று பெயர். ராஜராஜன் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாகப் பொறித்துக்கொண்ட காந்தளூர்ச் சாலை இதுதான் என்கிறார்கள். விழிஞத்தைக் காட்டுபவர்களும் உண்டு. அங்கே ராஜராஜன் கப்பல்களை அழித்தானா, கல்விச்சாலையின் உரிமையைப் பறித்தானா என்ற வழக்கும் இன்னும் தீரவில்லை. எப்படியானாலும், வந்தவன் சாமி கும்பிட வரவில்லை.

கல்கியைப் படித்து அருண்மொழிவர்மனாக வந்த ராஜராஜன்மேல் மயங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் அடித்த ஊரிலேயே கடையும் போட்டிருக்கிறோம். இந்தச் சங்கடத்தை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் நீங்கள். உங்கள் நாவலில் சோழப்படை வருவது அழிவாக.

நேர்க்கதையாகச் சொல்லியிருந்தால் ஆயிரம் வருஷப் பழசு என்று தப்பித்திருப்போம். நீங்கள் விடவில்லை. 1989-இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரஜனி திராணகமவைப் பற்றிப் படம் எடுக்க, ஈழப் போர் முடிந்தபிறகு ஒரு குழு கொழும்புக்குப் போகிறது. அதற்குள் வலைப்பதிவு, பழஞ்சுவடி, ஐதீகம் என்று பல வாசல் வழியாகக் காந்தளூர்த் தேவநாயகி நுழைகிறாள். எது ஆவணம், எது உங்கள் கைவேலை என்று பிரிக்க முடியவில்லை. அன்றைய அரசனையும் இன்றைய ஆயுதக்காரனையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். அரசுத் தரப்பு, புலிகள் தரப்பு என்று யாருக்கும் சலுகை இல்லை. இரு தரப்பையும் விட்டுவைக்காத ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் 'ம்' நாவலை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர் நீங்கள் என்பதால் இதில் எனக்கு வியப்பும் இல்லை.

உங்கள் சுவடிகளை நம்ப முடியாமல்தான் அசல் ஆவணம் பக்கம் போனேன். ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 866-ஆம் ஆண்டுச் செப்பேடு. பார்த்திவசேகரபுரத்தில் சட்டர்கள் எனப்பட்ட 95 மாணவர்கள் தங்கிப் படிக்க, காந்தளூர் முறைப்படி ஒரு சாலை அமைத்த செய்தி அதில் இருக்கிறது. அடிதடிக்குத் தண்டம் உண்டு. கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, மடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பார்த்த பிறகு, காந்தளூருக்கென்று ஒரு பெண்ணை நீங்கள் ஏன் படைத்தீர்கள் என்பது கொஞ்சம் விளங்கியது.

ஒரு மனத்தாங்கலும் உண்டு, சார். தேவநாயகியின் அழகை அத்தனை தடவை வர்ணித்திருக்க வேண்டாம். அவள் அறிவே போதுமானதாக இருந்தது.

புத்தகம் இப்போது எதிர்க்கடை அண்ணாச்சியிடம் இருக்கிறது. ராஜராஜன் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பவர். மலையாளத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். சோழப்படை வரும் இடத்தை இன்னும் எட்டவில்லை. எட்டியதும் சண்டைக்கு வருவார், காத்திருக்கிறேன்.

சாலைத் தெரு வாசகன்