மீன்தொட்டி கற்பித்த பாடம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் புலவர் ஒருவரைப் பற்றியே எழுதுவேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுவதோ மீனைப் பற்றி. பல்லேபொலவில் எங்கள் வீட்டு முன்னறையில் 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டியொன்று இருக்கின்றது. பாடசாலை விட்டு வந்ததும் அதன்முன் சிறிது நேரம் அமர்தல் என் வழக்கம். ஆசிரியர் கலாசாலையில் இரண்டாண்டு பயின்றும் யான் கல்லாத ஒன்றை அத்தொட்டி எனக்குக் கற்பித்தது.

நம் குளங்களிற் காணப்படும் திலாப்பியாவை அறியாதார் இலர். அது வெளிநாட்டிலிருந்து 1950களின் தொடக்கத்தில் இங்கு கொணரப்பட்டது. அம்மீன் சேர்ந்த குடும்பத்தைச் சிக்கிலிட் என்பர். ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இக்குடும்பம் பல்கிப் பெருகியுள்ளது. ஒரினோக்கோ ஆற்றுப் படுகையின் ராமிரேசி, நைஜீரியாவின் கிரிபென்சிஸ் முதலிய குள்ள இனங்களை வீட்டுத் தொட்டிகளில் வளர்ப்போர் உலகெங்கும் உளர். நம் நாட்டில் இயற்கையாகவே வாழ்வனவாகவும் இக்குடும்பத்தில் இரண்டு இனங்கள் உண்டு. அவற்றுட் சிறியதே சிங்கள மக்கள் ‘கஹ கொரலியா’ என வழங்கும் மஞ்சள் மீன். வளர்ந்தாலும் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றரே இருக்கும். தென்னிந்தியாவிலும் வாழும் இதனை 1795 இல் புளொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விவரித்து நூலேற்றினார்.

சிலாபத்தைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவர் இம்மீன்களுள் இளையன ஆறு தந்தார். களப்பின் உவர்நீரில் மட்டுமன்றி நன்னீரிலும் வாழ்வன ஆதலின், செரி பார்ப் என்னும் நம் ஓடை மீன்கள் பன்னிரண்டோடு இவற்றையும் சேர்த்து விட்டேன். சில திங்களில் இரண்டு தாமே இணை சேர்ந்தன. தட்டையான கல்லொன்றைத் தூய்மை செய்து அதன்மீது முட்டைகளை ஒட்டின. தாயும் தந்தையும் முறைவைத்துச் செட்டையால் விசிறிக் காக்கும் காட்சி காணத் தக்கது. இவ்வினத்தின் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் ஊறும் சளியை மேய்ந்து உண்ணும் என்றும் படித்திருந்தேன். அதனைக் கண்ணாரக் காணும் ஆவல் என்னை ஆட்கொண்டது.

அவ்வாவலே கேடாயிற்று. இரவில் மின்சூள் அடித்துப் பார்த்தேன். அயல் வீட்டுச் சிறுவரை அழைத்துக் காட்டினேன். கல்லை நெருங்கிய பார்ப் மீன்களை வலைகொண்டு துரத்தினேன். மூன்றாம் நாட் காலை கல் வெறுமையாய் இருந்தது. பெற்றோரே முட்டைகளைத் தின்றுவிட்டன. அடுத்த முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. “இவையும் ஒரு தாய் தந்தையோ!” என்று மீன்களை நொந்துகொண்டேன்.

அதே தவணையில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தோட்டத்துப் பிள்ளை. திக்குவாய் உடையவன். அவன் கூச்சத்தைப் போக்குதல் என் கடனெனக் கருதி, நாள்தோறும் அவனை எழுப்பி உரக்க வாசிக்கச் செய்தேன். பிறர் சிரித்தால் அவர்களைக் கண்டித்தேன். நல்ல நோக்கத்தோடேயே செய்தேன். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. அவ்வாரம் முழுவதும் வரவில்லை. சோம்பல் என்று எண்ணினேன்.

பின்னர் நூலொன்றில் மீன் தன் முட்டையைத் தின்னும் காரணத்தைப் படித்தேன். அலைக்கழிவு மிகுந்து, முட்டைகளைக் காத்தல் இயலாதென்னும் நிலை வரும்பொழுது, சில மீன்கள் அவற்றைத் தின்று மறுமுறைக்கு வலுச் சேர்த்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து. மின்சூளை அடித்தவன் யானே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை; நினைவு மீனைப் பற்றியதன்று. மறுநாள் அம்மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் தாயார் வாயிலில் நின்று, “கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருச்சுங்க சேர்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் மீண்டும் பாடசாலைக்கு வரவேயில்லை.

தொட்டியை மாற்றியமைத்தேன். பார்ப் மீன்களை அகற்றவில்லை. ஒரு கோடியில் உடைந்த மட்பானையொன்றைக் கவிழ்த்து, அதன் முன்னே கற்களையும் அடர்ந்த நீர்ச்செடிகளையும் வேலிபோல் நிறுத்தினேன். அப்பக்கத்துக் கண்ணாடியைத் தாளால் மறைத்தேன். இரவில் மங்கலான சிறு விளக்கு மட்டும் எரிந்தது. அடுத்த முறை இணை அம்மூலையைத் தனதாக்கிக்கொண்டது; ஏனைய மீன்களும் அவ்வெல்லையை விரைவில் அறிந்துகொண்டன. ஐந்தாம் நாளளவிற் பொரித்தவை, இரண்டாம் வாரத்தில் சிறு முகிலென மிதந்து வெளிவந்தன. தந்தையின் விலாவை அவை கொத்தி மேய்வதையும் கண்டேன். பார்ப் மீன்களுக்குச் சில இரையாயின. எனினும் ஏறத்தாழ 40 குஞ்சுகள் எஞ்சி வளர்ந்தன.

பலரும் கூடி வாழும் இடத்தில் எளிய உயிர்க்கு வேண்டுவது தனித் தொட்டியன்று. யாரும் எட்டிப் பாராத ஒரு மூலை. இதனை யான் மீனிடமிருந்தா கற்றிருக்க வேண்டும்? ஆறாம் வகுப்பில் நம் கல்லூரிக்கு வந்தபொழுது யானும் வாய் திறவாத பிள்ளை. எம் தமிழாசிரியர் ஒரு தவணை முழுவதும் என்னை ஒரு கேள்வியும் கேட்டிலர். நூலகத்தின் கடைசி மேசையில் அமர விட்டு, யான் எழுதியவற்றை மட்டும் வாங்கி வாசித்தார். அடுத்த தவணையில் யானே எழுந்து பேசினேன். அன்று அது எனக்குப் புறக்கணிப்பாகத் தோன்றியது. அப்பெருந்தகை காத்தது எதனை என்பது இன்று விளங்குகின்றது.

இவ்வாண்டு என் வகுப்பிற் பேசாத மாணவி ஒருத்தி இருக்கின்றாள். அவளை யான் இன்னும் எழுப்பவில்லை. கொப்பியில் எழுதித் தருகின்றாள். வாசித்து ஓரிரு வரி எழுதிக் கொடுக்கின்றேன். கல்லூரித் தாய்க்கு யான் செலுத்தத்தக்க காணிக்கை வேறில்லை.