புரட்டிப் படுக்க வைத்தல்

படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளியைக் கவனிக்கும் செவிலிய உதவியாளரின் நாளில் பெரும்பொழுது, அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதில் போகிறது. பக்கவாதம் வந்தவரும் நினைவு தப்பியவரும் தாமாகப் புரள மாட்டார்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே அங்கே படுக்கைப் புண் தொடங்கிவிடும். மல்லாந்து கிடப்பவருக்குப் பின்தலை, முதுகின் அடிப்பகுதி, குதிகால். ஒருக்களித்துக் கிடப்பவருக்குக் காது, இடுப்பெலும்பு, கணுக்கால். வார்டில் 'பெட் சோர்' என்று சொன்னாலே உதவியாளரின் கை முதலில் போகும் இடங்கள் இவை.

புண்ணுக்கு நான்கு நிலைகள். முதல் நிலையில் தோல் கிழியாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. வெளிர் நிறத் தோலுக்குத்தான் இந்த அடையாளம் நன்றாகப் பொருந்தும். நம் ஊர் வார்டுகளில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் புண் வந்த பிறகுதான் தெரியும். கருத்த தோலில் நிறம் ஊதா கலந்து இருண்டிருக்கலாம். சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, இறுகியோ கொழகொழவென்றோ இருக்கலாம். அதனால் கண்ணைவிடக் கைதான் இங்கே அதிகம் உதவும். இரண்டாம் நிலையில் தோல் உரியும் அல்லது கொப்புளிக்கும். மூன்றில் கொழுப்பு தெரியும். நான்கில் தசையும் எலும்பும். நான்காம் நிலைப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். ஒருவரே இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் நகரும். அந்த இழுவையில் உள்சதை கிழியும். எனவே இருவர் சேர்ந்து, குறுக்கே போட்ட விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழுக்க ஒருக்களிக்காமல் 30 பாகை அளவுக்குச் சாய்த்து, முதுகுக்கு அண்டையாகத் தலையணை வைப்பார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிக்கல் வரும். மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தியாக வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே விடவேண்டும், இல்லையேல் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். ஆனால் தலை உயர்ந்தால் உடம்பு கீழே சரியும், பின்புறத் தோல் இழுபடும். அனுபவமுள்ளவர்கள் முதலில் முழங்கால் பக்கத்தைச் சற்று உயர்த்திவிட்டு, அப்புறம்தான் தலைமாட்டை உயர்த்துகிறார்கள்.

புரட்டும்போதே மற்ற வேலைகளும் நடந்துவிடும். சிறுநீர் வடியும் யூரின் பை, உடலுக்குள் இருக்கும் மூத்திரப் பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. குடித்ததும் ஏற்றியதும் ஒரு பக்கம், வெளியேறியது மறுபக்கம் என்று கணக்கு எழுத வேண்டும். பெரியவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைவாகச் சிறுநீர் வந்தால் உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 இருப்பது இயல்பு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலவே மணிக்கட்டைப் பிடித்தபடி மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுவது வழக்கம்.

இந்த வேலையில் பாதி, கூட இருக்கும் உறவினருக்கு எடுத்துச் சொல்வது. பயிற்சி வகுப்புகளில் இதற்கு இன்னும் இடம் தரலாம். பாசத்தில் சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். நலிந்த சதை அதில் மேலும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வாங்கி வருவார்கள். அதன் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஏர் பெட் போட்டுவிட்டால் புரட்டவே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அது அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். புரட்டாமல் இருக்க முடியாது. மின்சாரம் போனால் பம்ப் நின்று மெத்தை தளரும் என்பதையும் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லி அனுப்ப வேண்டும்.